ஓதச் செல்லும் பிள்ளைக்கு நாம் சொல்லாமல் விடுவது

ஷவ்வால் பிறை தென்பட்டு, பெருநாள் மகிழ்ச்சி முற்றும் அடங்குமுன்னரே நம் வீடுகள் பலவற்றில் இன்னொரு ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. வெளியூர் மதரஸாவுக்கு ஓதச் செல்லும் பிள்ளைக்குப் புதிய கைலியும் ஜிப்பாவும் தொப்பியும் வாங்கப்படுகின்றன. பாயும் தலையணையும் கட்டப்படுகின்றன. ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று துணியில் சுற்றிப் பெட்டியின் மூலையில் வைக்கப்படுகிறது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பள்ளி, கல்லூரி விடுதிகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே காட்சிதான். தாய்மார்கள் கண்ணீரோடு துஆச் செய்து வழியனுப்புகிறார்கள். தந்தைமார்கள் வாசல்வரை வந்து உபதேசம் செய்கிறார்கள். தொழுகையை விட்டுவிடாதே, உஸ்தாதுக்குப் பணிந்து நட, கெட்ட சகவாசம் வேண்டாம், செலவைச் சுருக்கு. அத்தனையும் நல்ல உபதேசங்களே.

ஆயினும் வாசகப் பெருமக்களே, "உன் உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால் மறைக்காதே, அன்றைக்கே யாரிடமாவது சொல்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லி அனுப்புகிறோம்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வருபவன் என்ற முறையில் இதனைக் கேட்கிறேன். விடுதியில் நம் பிள்ளைகள் படும் துன்பங்களில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் மிகச் சிறியவை. மறைத்து வைக்கப்பட்டதனாலேயே அவை பெரியவையாகின்றன.

நாற்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியை இன்று சொல்லிவிடுகிறேன்.

1982ஆம் ஆண்டு. எனக்குப் பதின்மூன்று வயது. மதரஸாவில் இரண்டாம் ஆண்டு ஓதிக்கொண்டிருந்தேன். ஊரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. என் பக்கத்துப் பாயில் படுத்துறங்கிய மாணவன் என்னைவிட ஒரு வயது இளையவன். அக்காலத்தில் எங்களுக்கு ஊரார் வீடுகளில் சாப்பாடு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவரவர்க்குக் குறித்த வீட்டிற்குச் சென்று வாங்கி வருவோம். அவ்வாறு சென்ற ஒரு மாலையில், வழியில் திரிந்துகொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்று அவன் கணுக்காலைக் கவ்விவிட்டது. பெரிய காயமில்லை. இரண்டு பற்கள் பதிந்த தடமும் சிறிது இரத்தமும்தான். அதனை என்னிடம் மட்டும் காட்டினான். எவரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். அவனுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்பது ஒன்று. தெருவில் நின்று நாய்க்குட்டியோடு விளையாடியதற்கு உஸ்தாதின் பிரம்பு கிடைக்கும் என்பது மற்றொன்று.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்ற சட்டத்தை அவ்வாண்டுதான் நாங்கள் இருவரும் மனனம் செய்திருந்தோம். பாத்திரத்தைக் கழுவும் விதம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. கடிபட்ட காலைக் கழுவும் விதம் தெரிந்திருக்கவில்லை. காவற்காரரின் வெற்றிலைப் பையிலிருந்து சிறிது சுண்ணாம்பை எடுத்துத் தடவினோம். நான்கைந்து நாட்களில் காயம் ஆறிவிட்டது. இருவரும் அதை மறந்தும் விட்டோம்.

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சென்றிருக்கும். இரண்டு நாட்களாகக் காய்ச்சல் என்றும், பழைய காயத்தின் இடத்தில் குறுகுறுவென்று இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். சுபுஹுக்கு ஹவுளின் ஓரத்தில் உளூச் செய்ய அமர்ந்தவன், வாய் கொப்பளிப்பதற்காக உள்ளங்கை நீரை வாயருகே கொண்டு போனதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினான். பிறகு நீரைக் காட்டினாலே உடல் நடுங்கியது. விசிறிக் காற்று முகத்தில் படுவதையும் அவனால் தாங்க முடியவில்லை. ஏதோ கண்டு பயந்துவிட்டான் என்றார்கள் சிலர். ஓதி ஊதினார்கள். அன்று மாலை அவனுடைய அத்தா வந்து அழைத்துச் சென்றார். மூன்றாம் நாள் தந்தி வந்தது.

அதன் பின்னர்தான் நான் வாய் திறந்தேன். எங்கள் ஹஜ்ரத் என்னை அடிக்கவில்லை. நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். "என்னிடம் சொல்ல அவ்வளவு பயமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. நான் உஸ்தாதாக அமர்ந்த நாளிலிருந்து அதே கேள்வியை என்னை நோக்கியே கேட்டு வருகிறேன்.

அப்பிள்ளையைக் கொண்டுபோன நோய், வெறிநாய்க்கடி நோய். நாய், பூனை, குரங்கு போன்றவற்றின் உமிழ்நீரில் இருக்கும் ஒரு வைரஸ் காயத்தின் வழியாக நரம்பில் ஏறி மெல்ல மெல்ல மூளையை அடைகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அவ்விடைவெளியில்தான் நமக்கு வாய்ப்பு இருக்கிறது. நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் பிறகு காப்பாற்றும் மருந்து இன்றுவரை இல்லை என்றே சொல்லவேண்டும். அதற்கு முன்னர் முறையாகச் சிகிச்சை பெற்றவர் பிழைத்துக்கொள்கிறார்.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் முதன்முதலாக இந்நோய்க்கான தடுப்பு மருந்தைச் செலுத்தினார். அச்சிறுவன் பிழைத்தான். நம் நீலகிரிக் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. என் நண்பன் அஞ்சிய தொப்புள் ஊசியும் கட்டுக்கதையன்று. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட அம்மருந்து, வயிற்றில் நாள்தோறும் ஊசியாகச் செலுத்தப்பட்டது. வலி மிகுந்தது. ஆனால் 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் தயாரிப்பு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இருபதாண்டுகள் கடந்தும் "தொப்புளைச் சுற்றி ஊசி" என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் இன்னும் நிறுத்தப்படவில்லை! தயவுசெய்து அப்பேச்சைப் பிள்ளைகளின் காதில் போடாதீர்கள். இன்று கையில்தான் ஊசி. தோலுக்குள் போடும் முறையாயின் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தசையில் போடும் முறையாயின் பதினான்காம் நாளும் சேர்ந்து ஐந்து முறையாகும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது.

ஊசிக்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். பாத்திரச் சட்டத்தை நினைத்து எவரும் காயத்தில் மண்ணைப் பூசிவிடவும் வேண்டாம். இரத்தம் கசியும் அளவுக்குக் கடி இருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே, நகம் பட்டுச் சிறிது கீறியதுதானே என்று காத்திருக்கக்கூடாது. ரமலானில் கடிபட்ட ஒருவர், ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்று இஃப்தார்வரை காத்திருந்ததாக ஒருமுறை கேள்விப்பட்டேன். உணவாகாத மருந்தூசி நோன்பை முறிப்பதில்லை என்பது இன்றைய உலமாக்களில் பெரும்பான்மையோரின் முடிவு. முறிப்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு நோன்பைக் களாச் செய்துகொள்ளலாமன்றோ?

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு மாற்றமானது என்று எண்ணுவோர் இன்று குறைவு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குச் சொன்ன அறிவுரையை நம் மேடைகளில் கேட்டுக் கேட்டு யாவரும் அறிந்திருக்கிறார்கள். ஆகவே அதனை நான் விரிக்கப் போவதில்லை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஹதீஸை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி அது. பயணம் ஒன்றில் ஒருவரின் தலையில் கல்பட்டுக் காயமாகிவிடுகிறது. அவருக்குக் குளிப்பும் கடமையாகிவிடுகிறது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதியுண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்கிறார். நீர் இருக்கும்போது அனுமதியில்லை என்று அவர்கள் கூறிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி எட்டியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடும் சினம் கொண்டார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே என்று வருந்தினார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதன்றோ மருந்து என்ற கருத்தில் கண்டித்தார்கள். உடன் வந்தோர் தீயவர்களல்லர். மார்க்கத்தைப் பேணும் எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனினும் கொலை என்ற கடுஞ்சொல்லே அங்கு சொல்லப்பட்டது. மாணவர்களின் பொறுப்பை ஏற்றிருக்கும் எங்களைப் போன்றோர் இந்த ஹதீஸை அஞ்சி அஞ்சிப் படிக்கவேண்டும்.

சரி, பிள்ளைகள் எவற்றையெல்லாம் மறைக்கிறார்கள்?

முதலாவது சொறி சிரங்கு. சிரிக்காதீர்கள். விடுதி வாழ்வில் இதைப்போல் தூக்கத்தையும் படிப்பையும் கெடுப்பது வேறொன்றில்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிர் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் வருவது இது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு மிகும். மறைவிடத்திலும் வருவதால் பிள்ளை வெட்கத்தால் சொல்லமாட்டான். சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே வெளியில் தெரியும். அவ்வாறு சீழ் வைப்பதன் தொடர்ச்சியாகச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதுண்டு. மருத்துவர் பெரும்பாலும் பெர்மெத்ரின் என்ற களிம்பைத் தருவார். அதனைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை இரவில் பூசிக் காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். இதில் நிர்வாகிகள் கவனிக்கவேண்டியது யாதெனில், ஒருவனுக்கு மட்டும் பூசிப் பயனில்லை. அவ்வறையில் உறங்கும் அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நாங்கள் இதை அறியாமல் ஒவ்வொருவனாக மருந்து போட்டு ஓராண்டு முழுவதும் அவதிப்பட்டோம். பிறகு ஒரு வியாழக்கிழமை இரவில் எழுபது பேரும், உஸ்தாதுமார்கள் உட்பட, களிம்பு பூசிக்கொண்டோம். அடுத்த வாரமும் அவ்வாறே செய்தோம். அத்துடன் தீர்ந்தது.

அடுத்தது வயிற்றுப்போக்கு. பத்துப் பேருக்கு ஒரு கழிவறை உள்ள இடத்தில் அடிக்கடி ஓடுவதைச் சொல்லப் பிள்ளை வெட்கப்படுகிறான். குடித்தால் மேலும் போகும் என்று நீரையும் நிறுத்திவிடுகிறான். உயிருக்கு ஆபத்து விளைவிப்பது அந்த நீரிழப்பேயாகும். 1971ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையோரத்திலிருந்த போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அதே கலவைதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பொட்டலத்தில் குறித்த அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுவதையும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கவேண்டும். அது கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் கேடு, அளந்தே போடுங்கள். பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இந்தப் பொட்டலம் நான்கை வையுங்கள்.

காய்ச்சலைப் பிள்ளைகள் மறைப்பதில்லை. ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். டெங்குக் காய்ச்சலாக இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்றுதான் பாதுகாப்பு, அதுவும் அளவோடு. காய்ச்சல் விட்டதும் நலமாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே கவனம் வேண்டிய வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தாங்க முடியாத சோர்வு ஆகியவற்றில் எதனைக் கண்டாலும் மருத்துவமனைக்கு விரையவேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடுவது. நம் பள்ளிவாசல் வளாகங்களில் உள்ள பழைய வாளிகளும் திறந்த தொட்டிகளும் அதற்கு நல்ல இடம். அதன் முட்டை நீர் வற்றிய பின்னும் பாத்திரத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையைப் பின்பற்றுவோர்க்கு மூடி வாங்கும் செலவு ஒரு பொருட்டாகுமா?

தரையில் பாய் விரித்து உறங்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுவிரியன் என்னும் பாம்பு இரவில் வீடுகளுக்குள் வந்து உறங்குவோரைத் தீண்டுகிறது. அதன் கடி பலருக்கு வலிப்பதே இல்லை, தடமும் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்பான் பிள்ளை. இமை தாழும், பேச்சுக் குழறும். இதனை அஜீரணம் என்று எண்ணிச் சோடா கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கயிற்றால் இறுகக் கட்டாமலும், கீறாமலும், நடக்கவிடாமலும் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். விஷமுறிவு மருந்து அங்கு உண்டு. படுக்குமுன் விரிப்பைத் தட்டிவிடுவது நபிவழி. அதனோடு கொசுவலையைப் பாயின் அடியில் செருகிவிட்டால் கொசுவுக்கும் பாம்புக்கும் சேர்த்துக் காப்பாகும்.

மறைப்பது பிள்ளைகள் மட்டுமல்லர், பெற்றோரும்தான். வலிப்பு நோயுள்ள பிள்ளையைச் சேர்க்கும்போது அதைச் சொன்னால் இடம் கிடைக்காது என்று மறைத்துவிடுகிறார்கள். மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்னும்படி சொல்லி அனுப்புகிறார்கள். அப்பிள்ளை வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறான். பிறகு தோழர்களோடு குளத்தில் குளிக்கும்போது வலிப்பு வந்தால் என்னாகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. சொல்லிச் சேருங்கள். அதற்காக இடம் மறுக்கும் நிர்வாகிகள் இறைவனுக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். வலிப்பு வந்தவனின் கையில் இரும்பைத் திணிக்கவேண்டாம், வாயில் எதையும் செருகவேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஒரு துணியை வைத்து, நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 எண்ணை அழையுங்கள்.

பெண் பிள்ளைகளின் மதரஸாக்களும் விடுதிகளும் இன்று பெருகியுள்ளன, அல்ஹம்துலில்லாஹ். ஹைளுடைய சட்டங்களை அங்கு கிதாபில் ஒளிவுமறைவின்றி ஓதுகிறார்கள். அதே பிள்ளை தனக்கு உதிரப்போக்கு மிகுதியாக இருப்பதையோ, படியேறினால் மூச்சு வாங்குவதையோ உஸ்தாதாவிடம் சொல்ல நாணுகிறாள். அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது எதற்காக? வெட்கம் அவர்களைக் கேட்டறிவதிலிருந்து தடுக்கவில்லை என்பதற்காகவே. முகம் வெளுத்துச் சோர்ந்திருக்கும் பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்து இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது அரசு சுகாதார நிலையத்தில் அரைமணி நேர வேலை.

இனி, எழுத மனம் கூசும் ஒன்று. எழுதாமல் விட்டால் மேலே எழுதியவற்றிற்குப் பொருளில்லாமல் போகும்.

வயதில் மூத்த மாணவனோ, ஊழியனோ, சில வேளை கற்பிப்பவனோ ஒரு பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொள்வது எல்லாச் சமூகத்தின் விடுதிகளிலும் நிகழ்கிறது. நம்முடையவற்றில் நிகழாது என்று சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பத்து வயதானதும் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்துவிடுமாறு கட்டளையிட்ட மார்க்கம் மனித பலவீனத்தை அறிந்தே கட்டளையிட்டது. அப்பிள்ளை சொல்லமாட்டான். சொன்னாலும் பெரியவர்கள், "மானம் போகும், மதரஸாவின் பெயர் கெடும், முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்பார்கள். அந்த ஹதீஸை இதற்குப் பொருத்துவது தவறு என்பதை ஓர் ஆலிம் என்ற முறையில் தெளிவாகச் சொல்கிறேன். ஒருவன் தனக்கும் இறைவனுக்கும் இடையில் செய்த பிழையை மறைப்பது வேறு. ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைப்பது வேறு. பின்னது சாட்சியத்தை மறைத்தலாகும். அதனைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் கண்டிக்கிறது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

நாட்டின் சட்டமும் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே அச்சட்டப்படி தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளராயின் ஓராண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. பிள்ளைகள் தாமே அழைக்கக்கூடிய எண் 1098. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. வீட்டில் பிள்ளையைத் தனியே அமர்த்தி, தாயோ தந்தையோ, நேரடியான சொற்களில் சொல்லுங்கள். உன் உடலை இன்னின்ன இடத்தில் தொட எவருக்கும் உரிமையில்லை. ஓதிக்கொடுப்பவராக இருந்தாலும் இல்லை. நடந்தால் தப்பு உன்னுடையதன்று. எங்களிடம் சொல், நாங்கள் உன்னை நம்புவோம். கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். நம்பமாட்டார்கள் என்ற அச்சத்தினால்தான் பெரும்பாலான பிள்ளைகள் வாய் மூடிக்கொள்கிறார்கள்.

சேர்க்கும் நாளில் நிர்வாகிகளிடம் நீங்களும் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்கவேண்டாம். கோபிக்கும் இடமாயின் வேறு இடம் பாருங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது? நள்ளிரவில் பிள்ளைக்கு நோய் கண்டால் அழைத்துச் செல்பவர் யார்? வாரம் ஒருமுறையேனும் பிள்ளை தனிமையில் வீட்டோடு பேச அனுமதியுண்டா? இரவில் வாசல் பூட்டப்படுமாயின் சாவி எங்கே இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ணாதீர்கள். 2004ஆம் ஆண்டு ஜூலை 16, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றியதில் 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். சமையற்கூடத்திற்கு மேல் என்ன கூரை என்று தலையை உயர்த்திப் பாருங்கள்.

என்னளவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிய மாணவர்கள் வந்து சேர்ந்த முதல் வியாழக்கிழமை அஸருக்குப் பின், அவர்களை வரிசையாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வேன். ஊசி போடும் அறை இது, இரவில் மருத்துவர் இருக்கும் அறை இது என்று காட்டுவேன். அங்குள்ள செவிலியர் அம்மா, வெறிநாய்க்கடி ஊசி எவ்வளவு சிறியது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார். திரும்பி வந்து ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, 1982ஆம் ஆண்டுக் கதையைச் சொல்வேன்.

சென்ற ஆண்டு, அவ்வாறு சென்று வந்த மூன்றாம் மாதம், இரவு பதினொன்றரை மணிக்கு என் அறைக் கதவு தட்டப்பட்டது. பதினோரு வயதுப் பிள்ளை ஒருவன் நின்றான். கைலியைச் சற்றுத் தூக்கிப் பாதத்தைக் காட்டினான். பூனை கீறியிருந்தது. "சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் ஹஜ்ரத், பதினஞ்சு நிமிஷம்" என்றான். பூனைக்கு மீன் வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததையும் அவனே நினைவூட்டி, அதற்காக அடிப்பீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.